கணக்கில் வராத பொடி: அமுக்கரா கிழங்கும் ஒரு தைராய்டு ரிப்போர்ட்டும்

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். "இல்ல டாக்டர், தைராய்டு மாத்திரை மட்டும்தான்" என்றார். அந்தக் கேள்வியாலும் அந்தப் பதிலாலும் ஐந்து நாள் வீணாகப் போயிற்று. கேட்டது நான் என்பதால் பிழையும் என்னுடையதுதான். இந்த நிகழ்வை எழுத முக்கியக் காரணமே அதுதான். கிழங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியது அடுத்தபடி.

அவருக்கு 46 வயது. நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. ஆறு வருடங்களாகத் தைராய்டு குறைபாட்டுக்கு லெவோதைராக்ஸின் 50 மைக்ரோகிராம் சாப்பிட்டு வருகிறார். காலையில் வெறும் வயிற்றில், தவறாமல். நான்கு மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 2.3. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன் இது; தைராய்டு ஹார்மோன் கூடினால் இது இறங்கும். அதாவது அளவு கச்சிதம். (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஒரு வருடமாக மாதவிலக்கு ஒழுங்கில்லை. ஒரு மாதம் 21 நாளில், அடுத்தது 50 நாளில். நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறி, வியர்த்து, இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. இந்த வயதில் இது மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய கட்டம் என்று சொல்ல ரத்தப் பரிசோதனைகூடத் தேவையில்லை. ஆனால் அவராகவே, சூலகத்தைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச்.-ஐ இரண்டு முறை பார்த்திருந்தார். ஒன்றில் 22, அடுத்த மாதம் 7. எந்த எண்ணை நம்புவது என்பதே ஒரு கவலையாகிவிட்டது. இந்தக் கட்டத்தில் சூலகம் ஒரு மாதம் சோர்ந்தும் அடுத்த மாதம் வேகமாகவும் வேலை செய்வதால் எஃப்.எஸ்.எச். இப்படித்தான் ஏறி இறங்கும். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாக எழுதாததற்குக் காரணமும் இதுதான்.

என்னிடம் வந்தபோது அவர் சொன்ன குறை வேறு. "மெனோபாஸ் ரொம்ப முத்திப்போச்சு டாக்டர். இப்ப நாள் பூரா சூடு. படி ஏறினா நெஞ்சு அடிச்சுக்குது. சும்மா உக்காந்திருந்தாலும் அடிச்சுக்குது."

நாள் பூரா என்ற அந்தச் சொல்லில்தான் நான் நின்றேன். மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூடு அலை மாதிரி வந்து போகும். இடையில் ஆள் சாதாரணமாக இருப்பார். ஓயாமல் புழுங்குகிறது, விசிறி நின்றால் உட்கார முடியவில்லை என்றால் அது வேறு கதை. எடை 58 கிலோ. நான்கு மாதம் முன்பு 62. பசி குறையவில்லை, இரண்டு மடங்கு சாப்பிட்டதாகவே சொன்னார். உட்கார்ந்த நிலையில் நாடி 112, ரத்த அழுத்தம் 138/70. கைகளை முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தேன். தாளின் விளிம்பு காற்றில்லாமலே படபடவென்று ஆடியது. உள்ளங்கை ஈரமாகவும் சூடாகவும் இருந்தது. கண்கள் பிதுங்கவில்லை. கழுத்தில் தைராய்டு சிறியதாக, சற்றுக் கெட்டியாகத் தட்டுப்பட்டது. ஆறு வருடத்துக்கு முன் எடுத்த எதிர்ப்புரதப் பரிசோதனையோடு அது பொருந்தியது. அவருக்கு இருப்பது ஹாஷிமோட்டோ வகை. உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும்.

கடைசி மாதவிலக்கு ஆகி 70 நாள் ஆகியிருந்தது. வயது 46 ஆனாலும் முதலில் கர்ப்பப் பரிசோதனை. அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. கர்ப்பம் இல்லை என்று உறுதியானது. இ.சி.ஜி.யில் துடிப்பு வேகமாக இருந்தாலும் ஒழுங்காக இருந்தது. ரத்தம் எடுத்து அனுப்பினேன்.

ஐந்து நாள் கழித்து ரிப்போர்ட்டோடு வந்தார். டி.எஸ்.எச். 0.03. ரத்தத்தில் தனித்து உலவும் தைராய்டு ஹார்மோனான எஃப்.டி.4 அளவு 2.9, அது 1.8-ஐத் தாண்டக் கூடாது. கல்லீரல் நொதி ஏ.எல்.டி. 58, கொஞ்சம் கூடுதல். குறைபாட்டுக்கு மாத்திரை சாப்பிடுபவரின் உடம்பில் இப்போது தைராய்டு ஹார்மோன் பொங்கி வழிகிறது. மாத்திரையின் அளவு மாறவில்லை, கடையும் மாறவில்லை, இரட்டிப்பாக விழுங்கவும் இல்லை. மாத்திரையை 25 ஆகக் குறைத்து, கிரேவ்ஸ் நோய்க்கான (எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தூண்டி மிகையாகச் சுரக்கவைக்கும் நோய்) பரிசோதனைகளை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன்.

அப்போதுதான் கேட்டார்: "டாக்டர், அடுத்த தடவை ரத்தம் எடுக்கிறப்ப அந்தப் பொடியை நிறுத்தணுமா?"

"எந்தப் பொடி?"

கைப்பையிலிருந்து மூன்று பொருட்கள் மேசைக்கு வந்தன. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அமுக்கரா கிழங்குப் பொடி, அதாவது அஸ்வகந்தா. ஒரு பாட்டிலில் அதே கிழங்கின் சாறு அடங்கிய கேப்ஸ்யூல், ஒன்றில் 600 மில்லிகிராம், மேலே "பெண்களின் ஹார்மோன் சமநிலைக்கு" என்று எழுதியிருந்தது. மூன்றாவது, முடி உதிர்வதற்கான மாத்திரை. "இதெல்லாம் மருந்து இல்லையே டாக்டர், மூலிகைதானே" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. மருந்து என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் இருந்த பொருள் வேறு, அவ்வளவுதான்.

பேசப் பேசக் கோர்வை கிடைத்தது. பத்து வாரத்துக்கு முன் உடன் வேலை பார்ப்பவர் சொல்லி, இரவில் ஒரு ஸ்பூன் பொடியை வெந்நீரில் கலந்து குடிக்கத் தொடங்கியிருக்கிறார். மூன்றாவது வாரத்தில் தூக்கம் நன்றாகவே வந்திருக்கிறது. இதை நான் சந்தேகிக்கவில்லை. ஐந்தாவது வாரத்தில் கேப்ஸ்யூலையும் சேர்த்திருக்கிறார், தினம் இரண்டு. பொடியையும் விடவில்லை. ஏழாவது வாரம் படபடப்பும் வியர்வையும் ஆரம்பித்தன. மெனோபாஸ் முற்றுகிறது என்று நினைத்து மூன்றாவது கேப்ஸ்யூலையும் கூட்டிக்கொண்டார்.

ஸ்பூனையும் அடுத்த நாள் கொண்டுவரச் சொன்னேன். மருந்தகத் தராசில் வைத்துப் பார்த்தோம். அவர் அள்ளுகிற மாதிரி அள்ளிப் போட்டால், கோபுரமாக, ஐந்தரை கிராம். டப்பாவில் எழுதியிருந்தது இரண்டு கிராம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு தேவைப்படுகிறது. பொடியும் சாறும் ஒன்றல்ல. பொடி என்பது காய்ந்த கிழங்கை அப்படியே அரைத்தது. சாறு என்பது கிழங்கிலிருந்து வித்தனோலைடு என்ற பொருட்களைச் செறிவாக்கி எடுத்தது. 600 மில்லிகிராம் சாற்றில் வித்தனோலைடு 5 சதவீதம் என்றால் 30 மில்லிகிராம். மூன்று கேப்ஸ்யூலுக்கு 90. ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது ஒரு நாளைக்கு மொத்தமே 600 மில்லிகிராம் சாறு. இவர் சாறு மட்டும் அதைப்போல மூன்று பங்கு எடுத்திருக்கிறார். பொடி அதற்கு மேல்.

மூன்றாவது பொருளான முடி மாத்திரைதான் என்னைச் சற்று நேரம் குழப்பியது. அதில் பயோட்டின் 10 மில்லிகிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமானது 30 மைக்ரோகிராம். அதைப்போல 300 மடங்குக்கு மேல். பயோட்டின் தைராய்டைக் கெடுக்காது, தைராய்டு பரிசோதனையைக் கெடுக்கும். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையும், அதோடு இறுக ஒட்டும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் ஒட்டவைத்துத்தான் ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் மிதந்தால் டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகவும், எஃப்.டி.4 இருப்பதைவிடக் கூடுதலாகவும் வரும். ஆரோக்கியமான ஆளுக்குக் கிரேவ்ஸ் நோய் இருப்பதுபோல ரிப்போர்ட் வந்துவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது.

அப்படியானால் ரிப்போர்ட்டே பொய்யா? நாடி 112-ஐயும் ஆடிய தாளையும் எந்த பயோட்டினும் உண்டாக்காது. இருந்தாலும் பொய் எவ்வளவு, மெய் எவ்வளவு என்று தெரிய வேண்டும். முடி மாத்திரையை நிறுத்தி மூன்று நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தோம். டி.எஸ்.எச். 0.05. எஃப்.டி.4 2.9-லிருந்து 2.2-க்கு இறங்கியிருந்தது. இன்னொரு தைராய்டு ஹார்மோனான டி.3-யும் கூடுதல்தான். மிகை என்பது உண்மை, அதன் உயரத்தில் ஒரு பகுதி பயோட்டினின் கைவரிசை. கிரேவ்ஸுக்கான எதிர்ப்புரதம் இல்லை. ஸ்கேனில் தைராய்டுக்கு ரத்த ஓட்டம் அதிகமாக இல்லை.

கிழங்கு என்ன செய்திருக்க முடியும்? எலிகளில் செய்த சோதனைகளில் அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டுவது 1990-களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. மனிதர்களில், 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் லேசான தைராய்டு குறைபாடு உள்ள 50 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 8 வாரம் தினம் 600 மில்லிகிராம் கிழங்குச் சாறு கொடுத்தார்கள். அவர்களுக்கு டி.3, டி.4 ஏறின, டி.எஸ்.எச். இறங்கியது. குறைபாடு உள்ளவர்களுக்கு அது நல்ல செய்தியாகவே எழுதப்பட்டது. அதே செய்தியை ஏற்கெனவே சரியான அளவில் மாத்திரை சாப்பிடுகிறவரின் பக்கம் நின்று படித்தால் எச்சரிக்கை. 2005-லேயே நெதர்லாந்தில் 32 வயதுப் பெண் ஒருவருக்கு, அமுக்கரா கேப்ஸ்யூலின் அளவைக் கூட்டிய பிறகு தைராய்டு மிகை வந்து, நிறுத்தியதும் சரியான நிகழ்வு பதிவாகியிருக்கிறது.

இவருக்கு எப்படி என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. தைராய்டு முழுவதும் செத்துப்போனவருக்கு லெவோதைராக்ஸின் கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். 62 கிலோவுக்கு ஏறக்குறைய 100. இவருக்கு 50-லேயே டி.எஸ்.எச். சரியாக இருந்தது. ஆக, பாதி வேலையை அவருடைய சொந்தச் சுரப்பிதான் செய்துகொண்டிருந்தது. உசுப்பிவிடக் கிழங்குக்கு ஒரு சுரப்பி மிச்சம் இருந்திருக்கிறது.

வேறு காரணங்களையும் ஒதுக்கிவிட முடியாது. பாட்டிலுக்குள் லேபிளில் இல்லாத ஹார்மோனே கலந்திருக்கலாம். 2013-ல் அமெரிக்காவில் தைராய்டுக்கு உதவும் என்று விற்ற 10 பொருட்களைச் சோதித்தபோது 9-ல் டி.3 இருந்தது. இதைக் கண்டுபிடிக்க, தைராய்டு உண்டாக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தைப் பார்க்கலாம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் அது தாழ்ந்திருக்கும், சுரப்பியிலிருந்தே கசிந்தால் உயர்ந்திருக்கும். ஆனால் இவருக்கு அதற்கே எதிர்ப்புரதம் இருந்ததால் அந்த எண்ணை நம்ப முடியவில்லை. இன்னொன்று, வலியில்லாத தைராய்டு அழற்சி. ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு இது வரும், தானாகவே போகும். கிழங்கை நிறுத்தியதால் சரியானதா, தானாகச் சரியானதா என்று சண்டை போட இடமிருக்கிறது. அளவு கூடக் கூட அறிகுறியும் கூடியதை வைத்து நான் கிழங்கின் பக்கம் சாய்கிறேன். என் கோப்பில் எழுதியது: "அநேகமாக". உறுதி என்று எழுத, திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதை யாரும் செய்யப்போவதில்லை.

பொடி, கேப்ஸ்யூல், முடி மாத்திரை மூன்றும் நிறுத்தம். படபடப்புக்கு புரோப்ரனலால் 20 மில்லிகிராம், காலை மாலை. ஆஸ்துமா இல்லை என்று கேட்டுக்கொண்ட பிறகுதான். லெவோதைராக்ஸினை நான் குறைக்கவில்லை. இதில் உடன் பணிபுரியும் மருத்துவர் ஒருவருக்கு உடன்பாடில்லை. ஹார்மோன் மிகையாக இருக்கும்போது ஹார்மோன் மாத்திரையைத் தொடர்வதா என்றார். நியாயமான கேள்வி. அதையும் குறைத்திருந்தால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரிந்திருக்காது. கிழங்கின் வேகம் அடங்கியதும் குறைபாட்டின் பக்கம் சரிந்திருப்பார் என்பது என் கணக்கு. 46 வயது, இதய நோய் இல்லை, துடிப்பு ஒழுங்கு, இரண்டு வாரத்தில் மறுபடி வருவார் என்ற உறுதி. இவை எல்லாம் இருந்ததால்தான் அந்தத் துணிச்சல். 65 வயதாக இருந்தாலோ துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ முதல் நாளே மாத்திரையிலும் கை வைத்திருப்பேன்.

இரண்டு வாரத்தில் நாடி 84, எஃப்.டி.4 1.7. டி.எஸ்.எச். இன்னும் 0.09. அதைப் பார்த்து அவர் முகம் வாடியது. டி.எஸ்.எச். எப்போதும் பின்னால்தான் வரும், வாரக்கணக்கில் அமுங்கிக் கிடந்த பிட்யூட்டரி விழித்துக்கொள்ள நேரமெடுக்கும் என்று விளக்கினேன். ஆறாவது வாரம் 0.8. புரோப்ரனலாலை அதற்கு முன்பே படிப்படியாக நிறுத்தியாயிற்று. மூன்றாவது மாதம் 2.6, அதே 50 மைக்ரோகிராம் மாத்திரையில். எடை 61. ஏ.எல்.டி. 24.

அந்தக் கல்லீரல் எண்ணை நான் சும்மா கேட்கவில்லை. தைராய்டு மிகையே அதை லேசாக உயர்த்தும். ஆனால் அமுக்கராவுக்கும் தனியாக அந்தப் பழி உண்டு. 2020-ல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் சேர்ந்து 5 பேருக்கு வந்த கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்தார்கள். தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் மஞ்சள் காமாலையும் அரிப்பும். யாருக்கும் கல்லீரல் செயலிழக்கவில்லை. அரிது என்பது சரி. இதை எடுக்கிறவருக்குச் சிறுநீர் அடர் மஞ்சளானால் அன்றைக்கே நிறுத்த வேண்டும் என்பதும் சரி. கர்ப்பத்தில் இது வேண்டவே வேண்டாம். டென்மார்க் 2023-ல் இந்தக் கிழங்கைத் துணை உணவுகளில் தடையே செய்துவிட்டது. அது அதிகப்படி என்று நினைக்கிறவர்களும் உண்டு, எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது.

ஏனென்றால் கிழங்கு வெறும் மண் இல்லை. 2012-ல் மன அழுத்தம் உள்ள 64 பேரில் 60 நாள் செய்த ஆய்வில், இதை எடுத்தவர்களுக்கு அழுத்தமும், கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் குறைந்தன. 2021-ல் மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் இருந்த 100 பெண்களைச் சேர்த்து 8 வாரம் செய்த ஆய்வில் அறிகுறிகள் தணிந்தன, ஈஸ்ட்ரடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் சற்று ஏறியது. ஆய்வுகள் சிறியவை, காலம் குறுகியது. வேலை செய்கிற பொருள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் இன்னும் கவனம் வேண்டும். "ஹார்மோன் சமநிலை" என்று லேபிளில் எழுதியவர் எந்த ஹார்மோன் என்று எழுதவில்லை. ஈஸ்ட்ரோஜனும் ஹார்மோன், கார்ட்டிசாலும் ஹார்மோன், தைராக்ஸினும் ஹார்மோன். கிழங்குக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

தைராய்டு அடங்கிய பிறகும் சூடு முழுதாகப் போகவில்லை. நாள் பூராவும் என்பது போய், ஒரு நாளைக்கு ஐந்தாறு அலை. பழைய கதை, அவருடைய உண்மையான மெனோபாஸ் கதை, அடியில் அப்படியே இருந்திருக்கிறது. மார்பகம், ரத்தக் கட்டி, குடும்பத்தில் புற்றுநோய் எல்லாம் விசாரித்து, மேமோகிராம் பார்த்து, ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிப் பேசினோம். ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகக் கொடுத்தால் கல்லீரல் வழியாகப் போய், தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கூட்டும். லெவோதைராக்ஸின் போதாமல் போய் மறுபடி ஒரு ஆட்டம் தொடங்கும். தோலில் தடவும் ஜெல்லுக்கு அந்த வம்பு இல்லை. கர்ப்பப்பை இருப்பதால் கூடவே புரோஜெஸ்ட்டிரோன். இரண்டு மாதத்தில் இரவுத் தூக்கம் வந்துவிட்டது.

இதற்கிடையில் என் படிவத்தில் "வேறு மருந்துகள்" என்றிருந்த வரியை அடித்துவிட்டு, "பொடி, கேப்ஸ்யூல், கஷாயம், முடிக்கு, தூக்கத்துக்கு, சத்துக்கு: வாயில் போடும் எல்லாமே" என்று மாற்றினேன். நீளம்தான். முதல் வாரத்திலேயே ஒன்பது பேர் எதையாவது நிரப்பினார்கள்.

கடைசியாக வந்தபோது அவர் கேட்டார்: "டப்பாவுல பாதி பொடி மிச்சம் இருக்கு டாக்டர். தங்கச்சிக்குக் கொடுத்துடட்டுமா? அவளுக்கும் தூக்கம் சரியில்ல."

"அவங்களுக்குத் தைராய்டு பார்த்திருக்கா?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. எந்த மருந்தும் சாப்பிடறதில்ல."

நான் பதில் சொல்லாமல் அவரையே பார்த்தேன். ஒரு கணம் கழித்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பையிலிருந்து போனை எடுத்து, "ஏண்டி, உன் அலமாரியில என்னென்ன டப்பா இருக்கு, ஒண்ணொண்ணா சொல்லு" என்று ஆரம்பித்தார்.